கூட்டமில்லாத காளை: கோனி தீவு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் பொங்கோல் கரையை ஒட்டியிருக்கும் கோனி தீவில் பூங்கா திறந்தது 2015 அக்டோபர் 10ஆம் தேதி. போய் வந்தவர்கள் கடற்கரையைப் பற்றியும் சவுக்குத் தோப்பைப் பற்றியும் சொன்னதைவிட ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். பெரிய திமிலும் கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியுமாக, பிராமன் என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு காளை. கட்டுத்தறி கிடையாது, மேய்க்க ஆள் கிடையாது. தீவுக்குள் தன்போக்கில் மேய்ந்து, தன்போக்கில் படுத்து எழுந்துகொண்டிருந்தது. யாருடைய மாடு, எப்படி அங்கே வந்தது என்பதற்கு விடை கிடைக்கவே இல்லை.

பூங்கா திறந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. 2016 செப்டம்பரில் வழக்கமான உடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட அந்தக் காளை, மயக்கத்திலிருந்து மீளவில்லை. பிரேதப் பரிசோதனையில் அதற்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது தெரியவந்தது.

வெளியே தெரிந்த செய்தி இவ்வளவுதான். ஆனால் மாடுகளோடு பழகியவர்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. ஊரில் மாடுகளுக்கு நடுவே வளர்ந்து, இங்கே விலங்குப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் நான். யார்மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. தேசியப் பூங்காக் கழகம் அந்தக் காளையைப் பிடித்து அப்புறப்படுத்தாமல் அங்கேயே வாழ விட்டது. அதன் உடல்நலத்தையும் சோதித்துப் பார்க்க நினைத்தது. இரண்டுமே நல்ல மனதோடு எடுத்த முடிவுகள். என் கேள்வி வேறு. யாரும் கை வைக்க முடியாத, தன்னந்தனியான ஒரு மாட்டின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இடமும் மாடும்

கோனி தீவுக்குப் புலாவ் செராங்கூன் என்றும் பெயர். புலி மார்க் தைலம் விற்ற ஆவ் சகோதரர்களிடம் ஒரு காலத்தில் இருந்த தீவு இது. 1950இல் ஓர் இந்திய வணிகர் இதை வாங்கி, நியூயார்க்கின் கோனி ஐலண்ட் மாதிரி கேளிக்கைத் தீவாக்க நினைத்தார். அது நடக்கவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று மேற்கே பொங்கோல் பக்கத்திலிருந்தும் கிழக்கே லோரோங் ஹாலுஸ் பக்கத்திலிருந்தும் நடந்தே உள்ளே போகலாம். கடலோரக் காடு, புல்வெளி, சதுப்பு நிலம், சவுக்குத் தோப்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். மணல் ஈக்கள் கடிக்கும். காலையில் திறந்து மாலை 7 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே விளக்குக்கூடக் கிடையாது.

மாட்டின் கண்ணால் பார்த்தால் முதலில் உறைப்பது வெப்பம். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து மாட்டை எவ்வளவு வாட்டும் என்று கணக்குப் பார்க்க ஒரு குறியீடு உண்டு. 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் அது 83 வரும். சிங்கப்பூரில் இது சாதாரணப் பகல். ஐரோப்பியக் கறவை மாடுகள் 72ஐத் தொடுவதற்குள்ளேயே திணற ஆரம்பித்துவிடும்.

பிராமன் அப்படித் திணறாது. அது நம் நாட்டு மாட்டின் வழித்தோன்றல். ஓங்கோல், கிர், காங்கிரேஜ் போன்ற இந்திய இனங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அவற்றைக் கலந்து உருவாக்கிய இனம். 1924இல் அங்கே வளர்ப்போர் சங்கமே வைத்துவிட்டார்கள். தொளதொளவென்ற தோல், நிறைய வியர்வைச் சுரப்பிகள், குட்டையான பளபளப்பான முடி எல்லாம் வெயிலுக்காகவே அமைந்தவை. உண்ணிக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். வளர்ந்த காளை 700 கிலோவைத் தாண்டும், 1,000 கிலோவைத் தொடுவதும் உண்டு.

ஆக, இடத்துக்கு ஏற்ற மாடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போன நம் ஊழியர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு, ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கிட்டே போகாதீர்கள், தீனி போடாதீர்கள் என்ற அறிவுரையும் இருந்தது. சரியான அறிவுரை. ஒரு டன் எடையுள்ள காளை தலையைத் தாழ்த்தித் திரும்பினால் என்ன அர்த்தம் என்று பூங்காவுக்கு வரும் எல்லோருக்கும் தெரியாது.

கூட்டத்தை எப்படிப் பார்ப்பார்கள்

வெளியில் மேயும் மாடுகளைப் பார்த்துவர ஒரு முறை இருக்கிறது. ஊர் ஊருக்கு வழக்கம் மாறும், ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான். இங்கிலாந்தில் இயற்கைக் காப்பு நிலங்களில் புல்லைக் கட்டுக்குள் வைக்க மாடுகளை விடுகிறார்கள். அவற்றைத் தினமும் போய்ப் பார்த்துவரப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையைப் பட்டி மாட்டை ஓட்டிப்போகிறவர் எந்தப் பயிற்சிச் சான்றிதழும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

முதலில் எண்ணுவார்கள். தலை குறைந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குறைந்த மாட்டைத் தேடுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால், எது தள்ளி நிற்கிறது என்று பார்ப்பார்கள். மாடு கூட்டத்தில் வாழும் பிராணி. மேய்வது, படுப்பது, அசை போடுவது எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். மற்றவை படுத்திருக்கும்போது ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தால், மற்றவை மேயும்போது ஒன்று மட்டும் வேலியோரம் தலை தொங்கக் கிடந்தால், அதுதான் அன்றைக்குப் பார்க்கவேண்டிய மாடு. வேட்டைக்குப் பயந்து வாழ்ந்த இனம் என்பதால் வலியை வெளிக்காட்டாது. சிங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பழக்கம் இரத்தத்தில் ஊறியது. உடம்பு மறைத்தாலும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக. படுத்திருக்கும் மாட்டை மெதுவாக எழுப்பினால், நலமாக இருப்பது முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும். நான்கு காலும் ஒரே சீராக மண்ணில் பதிகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, சாணி இறுகியிருக்கிறதா, தண்ணியாகப் போகிறதா என்று வரிசையாகக் கவனிப்பார்கள். இடது பக்க விலாவுக்குப் பின்னால் இடுப்புக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும், பள்ளை என்போம். அதற்கு நேர் கீழேதான் முதல் வயிறு. பள்ளம் ரொம்ப உள்ளே ஒட்டியிருந்தால் மாடு சரியாகத் தின்னவில்லை. மத்தளம் மாதிரி உப்பியிருந்தால் உப்புசம், அது அவசரம். கடைசியாக விலா அசைவை வைத்து மூச்சை எண்ணுவார்கள். நிழலில் சும்மா நிற்கும் மாட்டுக்கு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் வெயில் தாங்கவில்லை அல்லது உள்ளே ஏதோ சரியில்லை.

இதை ஏட்டுப் படிப்பாகச் சொல்லவில்லை. பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் கொட்டகை போட்டு மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் இல்லையா, அங்கே ஒரு முறை பார்த்தேன். பிள்ளைகளும் கேமராக்களுமாக நல்ல கூட்டம். மாடுகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் புதுக்கோட்டைப் பக்கம். எல்லோரும் கொம்பைப் படமெடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஓரத்தில் நின்ற ஒரு பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, அதையே பார்க்கிறீங்க?”

“அசை போடலை தம்பி. மத்ததெல்லாம் படுத்து அசை போடுது. இது வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கு. கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருக்கா, வயிறு சரியில்லையான்னு தெரியணும்.”

அவர் பசுவின் இடது பக்கம் போய், முஷ்டியைப் பள்ளையில் அழுத்தி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் கேட்பதற்கு முன்னால் என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்குக் கீழே ஏதோ மெதுவாகப் புரண்டு வந்து கையை வெளியே தள்ளியது, பிறகு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நலமான மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படிப் புரளும். “வயிறு வேலை செய்யுது, மிரட்சிதான்” என்று சொல்லிவிட்டு, கூட்டம் இருந்த பக்கம் ஒரு சாக்கைக் கட்டி மறைத்தார். பசு கொஞ்ச நேரத்தில் படுத்தது. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வருவது தெரிந்தது, வாய் அசைய ஆரம்பித்தது.

இரண்டு விஷயங்கள் அவருக்குக் கைகொடுத்தன. பக்கத்தில் ஒப்பிட வேறு மாடுகள் இருந்தன. சந்தேகம் வந்ததும் தொட்டுப் பார்க்க முடிந்தது. கோனி தீவுக் காளையிடம் இந்த இரண்டும் இல்லை.

தனியாக இருக்கும் மாட்டிடம் எது தெரியாமல் போகிறது

கூட்டத்தில் நோயின் முதல் அறிகுறி, தள்ளி நிற்பது. அந்தக் காளை எல்லா நாளும் தள்ளியேதான் நின்றது, சேர்ந்து நிற்க யாருமில்லாததால். மற்றவை எழுந்தபின் எழுவது இரண்டாவது அறிகுறி. முன்னால் போகவேண்டிய மாடு பின்னால் வருவது மூன்றாவது. மாடுகளுக்குள் நடை வரிசை ஒன்று இருக்கும், வழக்கமாக முன்னே போவது ஒருநாள் கடைசியில் வந்தால் மேய்க்கிறவர் அன்றைக்கே காலைத் தூக்கிப் பார்த்துவிடுவார். தனி மாட்டுக்கு வரிசை ஏது? மெதுவாக நடந்தால், அது மெதுவாக நடக்கும் மாடு என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். நிழலில் நெடுநேரம் படுத்திருந்தால் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறது என்போம். ரொம்ப சாது, ஆட்கள் பக்கத்தில் போனாலும் ஓடாது என்று பாராட்டவும் செய்வோம்.

எனக்கு இந்த நிகழ்வில் மனதை உறுத்துவது இதுதான். மயக்க ஊசியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எந்தக் கூட்டத்திலும் இல்லாத மாட்டை, கூட்டத்தைப் பார்க்கும் கண்ணாலேயே பார்க்க முடியாது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தனி மாட்டை ஒப்பிட ஒரே ஒரு மாடுதான் உண்டு. நேற்றைய அதே மாடு. அதனால் பதிவு வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில், தூரத்திலிருந்து நல்ல லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் படம் பிடித்தாலே போதும். விலா அசைவை எண்ணலாம். நடையைப் பார்க்கலாம். இடது பள்ளையின் ஆழத்தைப் போன வாரப் படத்தோடு வைத்துப் பார்க்கலாம். அசை போடுவதையும் இப்படியே எண்ணலாம். ஓர் உருண்டைக்கு 40 முதல் 60 மெல்லல், ஒரு நாளைக்கு மொத்தம் ஏழெட்டு மணி நேரம் என்பது வளர்ந்த மாட்டின் கணக்கு. ஒரு நாள் எண்ணிக்கைக்குப் பெரிய அர்த்தமில்லை. ஒரு மாத எண்ணிக்கை கீழே இறங்கிக்கொண்டே போனால் அர்த்தம் இருக்கிறது.

வெளியிலிருந்து இதயத்தைப் பார்க்க முடியுமா

ஓரளவுக்கு முடியும். மாட்டின் இதயம் தளரும்போது இரத்தம் திரும்பி வரும் வழியில் தேங்கும். கழுத்தின் பக்கவாட்டு நாளம் கயிறு மாதிரி புடைத்துக்கொள்ளும். நீர் கோத்து முன்மார்பும், சில சமயம் தாடைக்கு அடியிலும் வீங்கும். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். முன்னங்கால் முட்டிகளை உடம்பை விட்டு வெளியே தள்ளி வைத்து நிற்கும். ஊரில் அனுபவசாலிகள் இதைப் பார்த்ததும், கம்பியை கிம்பியைத் தின்றிருக்குமோ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. மாடு தீனியைப் பொறுக்கித் தின்னாது, நாக்கால் வளைத்து இழுத்து விழுங்கும். கூடவே போகும் ஆணியோ கம்பியோ இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது மெல்லிய உதரவிதானம் மட்டும்தான், குத்தினால் இதய உறை சீழ்ப்பிடித்துவிடும். மாட்டுக்கு இதயக் கோளாறு வரும் வழிகளில் இது ஒன்று. வால்வில் தொற்று, தசைத் தளர்ச்சி என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

இந்த அறிகுறிகள் எல்லாமே பிராமன் காளையிடம் பார்ப்பதற்குச் சிரமமானவை. முன்மார்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனால் அங்கே முழங்கால் வரை அலைதாடி தொங்கும். கழுத்து நாளத்தைத் தேடினால் அதன்மேல் மடிப்பு மடிப்பாகத் தோல். தாடைக்கு அடியிலும் தொங்குசதை. எந்த உடலமைப்பு அதை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறதோ அதே உடலமைப்பு நோயை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயிலைத் தாங்கும் இனம் என்பதால் அது மூச்சு வாங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கறவைக் கலப்பினத்துக்கு நிமிடத்துக்கு 60 மூச்சு என்றால் நிழலுக்கு ஓட்டிப்போவோம். நிழலில் நிற்கும் பிராமனுக்கு 60 என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

நோய் முற்றுவதற்கு முன் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப்தான் வழி. இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்டால் அடிக்கு அடி சீராக இருக்கிறதா, நடுவில் முனகல் இருக்கிறதா, நீரில் கேட்பதுபோல மங்கலாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் கயிறு பழகாத காளையின் முழங்கைக்குப் பின்னால் யார் கை வைப்பது? அதற்குத்தான் மயக்க மருந்து வருகிறது.

மயக்கம்

நாய், பூனையைவிட அசை போடும் பிராணியை மயக்குவதில் கஷ்டம் அதிகம். நாயையோ பூனையையோ முந்தின இரவே பட்டினி போட்டு மேசைமேல் படுக்க வைத்துவிடலாம். வளர்ந்த மாட்டின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். உள்ளே தீனி எந்நேரமும் புளித்துக்கொண்டிருக்கும், வாயு வந்துகொண்டே இருக்கும், மாடு ஏப்பம் விட்டு அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மயக்கத்தில் வயிற்றின் அசைவு நின்றுவிடும், ஏப்பமும் நின்றுவிடும். வாயு சேரும். உப்பிய வயிறு உதரவிதானத்தை முன்னால் தள்ளும், நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும். கரைசலான தீனி மேலேறி வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா.

பண்ணையில் இதற்கு வழி இருக்கிறது. 18 முதல் 24 மணி நேரம் தீனியை நிறுத்துவார்கள், தண்ணீரையும் குறைப்பார்கள். மயங்கியதும் பக்கவாட்டில் சாயவிடாமல் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து, எச்சில் வடிய முகத்தைக் கீழ்நோக்கி வைப்பார்கள். தீவில் தானே மேய்கிற காளையிடம் போய் நாளைக்குப் புல் தின்னாதே என்று சொல்ல முடியாது. வயிறு நிறைந்த நிலையில்தான் ஊசி விழும். விழுந்தபின் அது எந்தப் பக்கம் சாயும், எங்கே போய் விழும் என்பது காளையின் கையில்தான். 700 கிலோவைப் புரட்டி நிமிர்த்த எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்துக்கு வருவோம். மாடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் சைலசினை வைத்துச் சொல்கிறேன். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும், அவ்வளவு தூரம் மாடு அதற்கு வசப்படும். மாடுகளிலும் பிராமன் இனம் இன்னும் கூடுதலாக வசப்படும் என்று கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும். அளவைக் கணக்கிட எடை வேண்டும். தூரத்தில் நிற்கும் காளையின் எடையைக் கண்ணளவில்தான் சொல்ல முடியும், கண்ணளவில் 100 கிலோ கூடுவதும் குறைவதும் சாதாரணம். மருந்து உள்ளே போனதும் இதயத் துடிப்பு குறையும், இதயம் வெளியே தள்ளும் இரத்தம் குறையும், இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். உடம்பு தன் வெப்பத்தைத் தானே சமாளிக்கும் திறனையும் இழக்கும். வெப்பக் குறியீடு 83இல் நிற்கும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. மயக்கத்தை முறிக்கும் மருந்து கொடுத்து எழுப்பலாம், யோஹிம்பின், டோலசோலின், அடிபமெசோல் என்று இருக்கின்றன. நலமான இதயம் இவ்வளவையும் தாங்கி எழுந்துவிடும்.

கோளாறான இதயத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை. இங்கேதான் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறோம். இதயம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் மயக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக் கிட்டே போக வேண்டும். கிட்டே போக மயக்க வேண்டும். பழகாத மாட்டைப் பரிசோதிக்கிற எந்த மருத்துவரும் இந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும், திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் வேதனையை என்னால் உணர முடிகிறது. காப்பாற்றப் போன கையில் ஒரு பிராணி போய்விடுவது இந்த வேலையிலேயே மிகக் கொடுமையான நாள்.

மற்ற ஊர்களில்

ஹாங்காங்கில் லந்தாவ் தீவிலும் சாய் குங் பக்கத்திலும் மாடுகள் திரிகின்றன. விவசாயம் ஓய்ந்தபோது கைவிடப்பட்ட மாடுகளின் சந்ததி அவை. அரசாங்கமே அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, காதில் எண் மாட்டி விடுகிறது. தலைக்குத் தலை அடையாளம் சொல்லும் தன்னார்வலர்களும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே சில்லிங்காமில் இருக்கும் வெள்ளை மாடுகளின் கதை இதற்கு நேர் எதிர். அந்த மந்தையை யாரும் தொடுவதில்லை, மருத்துவமும் செய்வதில்லை. 1947 குளிர்காலத்தில் 13 மாடுகளாகக் குறைந்து, பிறகு தானே நூற்றுக்கு மேல் பெருகியது.

கையே வைக்காத முறை சில்லிங்காமுக்குப் பொருந்தலாம், அங்கே மந்தை இருக்கிறது, தலைமுறை தொடர்கிறது. ஒற்றைக் காளையிடம் அப்படி விட்டுவிட முடியாது. மக்கள் நடந்து போகும் பூங்காவில் அதற்குக் காய்ச்சல் வந்தாலும் வெறி வந்தாலும் பொறுப்பு நம்முடையது. சிங்கப்பூருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2022 மார்ச்சில் லிம் சூ காங் பண்ணை ஒன்றில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் கண்டறியப்பட்டது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும், கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும் நோய் அது. தீவில் திரியும் மாட்டை யாரும் பார்க்காமல் விட்டால், இப்படி ஒன்று வந்ததே தெரியாமல் போகும். பார்க்கத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

அடுத்து ஒரு மாடு இப்படி நின்றால்

முதல் நாளே ஒரு பட்டி போட வேண்டும் என்பேன். பிடிப்பதற்காக இல்லை, பழக்குவதற்காக. நிழல் விழும் இடத்தில் உறுதியான வேலி, கதவு எப்போதும் திறந்திருக்கட்டும். உள்ளே நல்ல தண்ணீர். வளர்ந்த மாடு ஒரு நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும், உப்புக்காற்று அடிக்கும் தீவில் நல்ல தண்ணீர் வைத்தாலே அது தானாக வரும். கூடவே ஒரு தாது உப்புக் கட்டி, கொஞ்சம் தவிடு. மாடு வாரக்கணக்கில் வந்து போகட்டும். பிறகு பட்டியின் ஒரு முனையைக் குறுக்கி, ஊர் மாட்டாஸ்பத்திரியில் டிராவிஸ் என்று சொல்வோமே, மாட்டை நிறுத்தி ஊசி போடும் அந்தச் சட்டத்துக்குள் முடியும்படி அமைக்கலாம். பொறுமையாகச் செய்தால், தினமும் அதற்குள் நின்று தவிடு தின்னும் காளையின் முழங்கைக்குப் பின்னால் கம்பி இடைவெளி வழியாக ஸ்டெதாஸ்கோப் வைக்கலாம். வாலடியில் இரத்தம் எடுக்கலாம். மயக்க மருந்து தேவைப்பட்டாலும் எடை தெரியும், வயிற்றைக் காயப்போட முடியும், கைகள் பக்கத்தில் இருக்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆளும் பணமும் ஆகும். அதற்கு மாற்று எதிலும் இதயம் எப்படி என்று தெரியாமல்தான் ஊசி போட வேண்டியிருக்கும்.

இப்போது கழுத்துப் பட்டை, காதுக் கருவி என்று வந்துவிட்டன. எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் அசை போட்டது என்று கைப்பேசிக்கே வரும். நல்லதுதான். ஆனால் அதை மாட்டவும் ஒருமுறை கிட்டே போக வேண்டும். பட்டி இல்லாமல் அதுவும் முடியாது.

கடைசியாக, சிலருக்கு வினோதமாகப் படக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காளைக்குத் துணை சேர்த்திருக்க வேண்டும். பசுவை விட்டால் கன்று பிறந்து வேறு சிக்கல் வரும், அதனால் கயிறு பழகிய, காயடித்த ஓர் எருது. தனிமையில் மாடு பதற்றமாகவே இருக்கும், பழகிய துணை பக்கத்தில் நின்றால் புதிய ஆட்களையும் புதிய இடத்தையும் அமைதியாகத் தாங்கும். மாடு கையாள்கிற எல்லோரும் பார்த்திருப்பதுதான் இது. எருது பட்டிக்குள் போனால் காளையும் பின்னால் போகும். எருதைத் தொடும் மனிதரைக் காளை பார்த்துப் பழகும். எருதை முதலில் தனிமைப்படுத்தி நோய்ச் சோதனை செய்ய வேண்டும், தீவனச் செலவு இரட்டிப்பாகும், அனுமதி கேட்டு நிறைய தாள் நிரப்ப வேண்டும். இருந்தாலும் பார்க்கப் போகிறவரின் குறிப்பேட்டில் புதிதாகச் சில கட்டங்களைப் போட்டுவிடலாம்: எது முதலில் எழுந்தது, எது பின்தங்கி வந்தது, எது அசை போடாமல் நின்றது.